அம்மாயி கைப் பச்சைக்கு ஓவியரிடம் எதைக் கேட்டு வாங்குவது?

கேள்வி: இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம்தான் எங்கள் ஊர். வயது 27. அம்மாயியின் முன்னங்கையில் கோலம் மாதிரிப் பச்சை குத்தியிருக்கிறது. அதையே என் கையிலும் போட ஆசை. அதற்குக் கீழே தேயிலையின் ரெண்டு இலையும் ஒரு மொட்டும், ஒரு வரித் தமிழும் வேண்டும். சென்னையில் இருக்கும் ஓவியர் ஒருவரின் கோல டிசைன்களை இன்ஸ்டகிராமில் பார்த்து எழுதிக் கேட்டேன். "ஒரு ஆளுக்கு, ஒரு தடவைக்கு" என்று விலை சொன்னார். முழுக் காசும் முதலிலேயே வேண்டுமாம். குத்தப்போவது கண்டியில். அங்கே பச்சை குத்துபவரிடம் விசாரித்தால், "எதற்கு வீண் செலவு, பின்டரெஸ்டில் ஒன்றைக் காட்டுங்கள், அப்படியே போட்டுத் தருகிறேன்" என்கிறார். ஒரு படத்துக்கு இவ்வளவு காசு கொடுக்கலாமா? கொடுத்தால் எதைக் கேட்டு வாங்க வேண்டும்? தங்கச்சியும் அதையே போடலாமா? தம்பி தன் கிரிக்கெட் குழுவின் ஜெர்சியில் அடிக்கவும் கேட்கிறான்.

பதில்: கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும் காசுக்கு உங்கள் கைக்கு இரண்டு சாமான் வந்து சேர வேண்டும். ஒன்று, ஊசி ஓடக்கூடிய வரைபடம். உங்கள் கையின் அளவுக்கு, உங்களுக்குக் குத்தப்போகிறவரின் ஊசிக்கு ஏற்றபடி வரைந்தது. மற்றது, அதை உடம்பில் வைத்துக்கொள்ள எழுத்தில் ஓர் அனுமதி. போனில் பார்க்க அழகான படம் மட்டும் வந்தால் பாதிச் சாமான்கூட வரவில்லை என்று அர்த்தம்.

சென்னைக்குக் காசு போகுமுன் கண்டிக்காரரிடம் இன்னொரு தடவை பேசுங்கள். அவர் சொன்ன பின்டரெஸ்ட் யோசனை சோம்பேறித்தனம் மட்டுமல்ல, வேலைக்கும் உதவாது. அங்கே கிடக்கும் டாட்டூப் படங்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவரின் வளைந்த கையைச் சாய்வாக எடுத்த போட்டோ. அதன்மேல் தாள் வைத்துக் கோடு எடுத்தால், ஓரத்தில் இருக்கும் வட்டம் முட்டையாகிவிடும். நிழலில் மறைந்த கோடுகளை ஊகித்துத்தான் போட வேண்டும். பூ, பறவை என்றால் ஊகம் தெரியாது. கோலத்தில் ஒரு வளைவு பிசகினால் பத்து வயதுப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். தவிர, அது இன்னொருவர் காசு கொடுத்து வரையச் செய்ததாக இருக்கும்.

அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. வேறொருவர் வரைந்ததை நீங்கள் குத்துவீர்களா? சிலர் மாட்டார்கள். தாங்களே திருப்பி வரைந்துதான் போடுவார்கள். அது குற்றமில்லை, ஆனால் அதை ஓவியரிடம் காசு கட்டிய பிறகு அறிந்துகொள்வது நட்டம். அடுத்து, நீங்கள் போட்டு இரண்டு வருடம் ஆன மெல்லிய கோட்டு வேலை ஒன்றின் படத்தைக் காட்ட முடியுமா? குத்திய அன்று எல்லாக் கோடும் கூராகத்தான் இருக்கும், ஆறி வருடம் போன கோடுதான் கையின் தரத்தைச் சொல்லும். மூன்றாவது, கோட்டுக்கு எந்த ஊசி போடுவீர்கள்? மூன்று ஊசி சேர்ந்ததா, ஐந்தா, ஏழா? மூன்றாம் பதிலைக் குறித்து வையுங்கள். சென்னை ஓவியருக்கு அதை அனுப்ப வேண்டும். கோலத்துக்கு வட்டமாகச் சேர்த்த ஐந்து ஊசி நல்ல நடுத்தரம். மூன்று ஊசிக் கோடு மெல்லிசாக அழகாக இருக்கும், ஆனால் நீளமான வளைவில் கை கொஞ்சம் நடுங்கினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி அளவு. முன்னங்கையின் உட்புறத்தில், பக்கவாட்டில் சுற்றிப் போகாமல் தட்டையாகக் கிடைக்கும் அகலம் ஏறக்குறைய 5, 6 செ.மீ. தான். மணிக்கட்டு மடிப்பிலிருந்து மேலே 4 செ.மீ. விட்டுவிடுங்கள், அங்கே தோல் மடிந்து மடிந்து கோடு சீக்கிரம் கலங்கும். ஒரு வெள்ளைத் தாளை 6 செ.மீ. அகலம், 14 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, கையில் ஒட்டிக்கொண்டு அரை நாள் திரியுங்கள். உள்ளங்கையை மேலே திருப்பிப் பாருங்கள், கீழே திருப்பிப் பாருங்கள். முன்னங்கைத் தோல் முறுக்கிக்கொண்டு போவது தாளில் தெரியும். நேர்கோடாகப் போட்ட எழுத்து, கையைத் தொங்கவிட்டால் சரிந்து நிற்பது இதனால்தான். நீங்கள் சாதாரணமாகக் கையை வைத்திருக்கும் நிலையில் எது நேர் என்று பார்த்துக் குறியிட்டு, அந்த நிலையிலேயே கையைப் படம் எடுத்து ஓவியருக்கு அனுப்புங்கள். மலையில் வேலை இருப்பவர் என்றால் வெளிப்புறம் வேண்டவே வேண்டாம். தேயிலைச் செடிக் குச்சி கீறுவதும் வெயில் அடிப்பதும் அந்தப் பக்கத்தில்தான்.

அம்மாயியின் கைக்கு வருவோம். இதில் அவசரப்படாதீர்கள், ஓவியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நீங்கள் அனுப்புவதைத்தான் வரைவார். பழைய பச்சையின் கோடு அகன்று மங்கியிருக்கும், தோலும் சுருங்கியிருக்கும். காலை வெளிச்சத்தில், லயத்து வீட்டு வாசல் நிழலில் உட்காரவையுங்கள். நேர் வெயிலும் போன் ஃப்ளாஷும் வேண்டாம். கையில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்துவிட்டால் காய்ந்த தோலின் வெளிறிய படலம் அடங்கிக் கோடு எழும்பித் தெரியும். பளபளக்கும் அளவுக்குப் பூசினால் படம் கெடும். பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வைத்து, போனைக் கைக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். பிறகு ஒருவர் தோலை மெதுவாக நீளவாட்டில் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் கண்ணாடித் தாள் ஒன்றை மேலே போர்த்தி, அழியாத மார்க்கர் பேனாவால் கோட்டின் நடுவைப் பிடித்து வரையட்டும். ஓரத்தைப் பிடித்து வரைந்தால் பரவிய மையையும் சேர்த்து வரைந்துவிடுவீர்கள். கொப்பிக் கடையில் விற்கும் லெமினேட் உறையைப் பிரித்தாலும் போதும். படம் நிறத்தையும் தாள் வடிவத்தையும் தரும், ஒன்று மட்டும் போனால் ஓவியர் தடுமாறுவார்.

அதோடு புள்ளிக் கணக்கையும் எழுதி அனுப்புங்கள். சென்னையில் கோலம் வரைபவருக்கு இந்தப் பாஷை புரியும். "5 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி" என்றால் 1, 3, 5, 3, 1 என்று மொத்தம் 13 புள்ளி. "7 புள்ளி, 4 வரை, ஊடுபுள்ளி" என்றால் 37. அகலம் 6 செ.மீ. என்று வைத்தால், 13 புள்ளிக் கோலத்தில் புள்ளிக்குப் புள்ளி 12 மி.மீ. கிடைக்கும். நடுவில் ஓடும் கோட்டுக்கு இரு பக்கமும் 6 மி.மீ. வெளி இருக்கும். 37 புள்ளியை அதே அகலத்தில் போட்டால் இடைவெளி எட்டரை மி.மீ. தான். அதுவும் பரவாயில்லை. ஆனால் "சின்னதாக, மணிக்கட்டில் 2 செ.மீ. க்கு" என்று ஆசைப்பட்டால் 13 புள்ளிக்கே இடைவெளி 4 மி.மீ. ஆகிவிடும். கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவே 2 மி.மீ., அதிலும் கோட்டின் தடிப்பு ஒரு பங்கைத் தின்றுவிடும். மை தோலுக்குள் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுவது. பத்து வருடத்தில் கோலம் போய்ப் பொட்டு மிஞ்சும். அம்மாயிக்குக் குத்தியவர் அவ்வளவு இடம் விட்டுக் குத்தியது காரணமில்லாமல் அல்ல.

நிறத்தைப் பற்றி ஓவியரே கேட்பார், "பச்சை நிறத்திலா வரையட்டும்?" என்று. வேண்டாம் என்று சொல்லுங்கள். அம்மாயி கையில் இருப்பது கரி. கறுப்பு மை தோலுக்கு அடியில் இருக்கும்போது மேலிருந்து பார்க்க நீலப்பச்சையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். கறுப்பில் வரைந்து கறுப்பில் குத்தினால், வயது போகப் போக அதே சாயலுக்குத் தானாக வரும். இன்றே பச்சை மையில் குத்தினால் அது வேறு ஏதோ மாதிரி இருக்கும். மாநிறத் தோலில் வெள்ளை, வெளிர்மஞ்சள் மைகளுக்கும் காசு செலவழிக்காதீர்கள்.

ரெண்டு இலை ஒரு மொட்டில் ஓவியர்கள் அனேகமாகத் தவறுகிற இடம் ஒன்று இருக்கிறது. தேயிலைச் செடியைக் கிட்ட நின்று பார்க்காதவர், விளம்பரச் சின்னங்களைப் பார்த்து, நடுவில் மொட்டு, இரு பக்கமும் சமமாக இரண்டு இலை என்று வேல் மாதிரி வரைந்துவிடுவார். கொழுந்து அப்படி இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். இலைகள் ஒன்று விட்டு ஒன்றாக, வெவ்வேறு உயரத்தில், மாறி மாறிக் கிளம்பும். மேல் இலை சின்னது, இன்னும் முழுதாக விரியாதது. கீழ் இலை பெரியது, இரண்டுக்கும் நடுவே தண்டு தெரியும். மொட்டு சுருட்டிய ஊசி மாதிரி, மேலே வெள்ளி நிற மென்மயிர் படர்ந்தது. இலை ஓரத்தில் ரம்பப் பல். ஒரு கொழுந்தைப் பறித்த கையோடு வெள்ளைத் தாளில் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து மேலிருந்து ஒரு படம், கையில் பிடித்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வாடிய பிறகு எடுத்தால் இலை தொங்கி, வரைவதும் தொங்கும். கூடவே சொல்லுங்கள்: 3 செ.மீ. இலைக்குப் பக்கத்துக்கு எட்டு, பத்துப் பல் போதும், உள்ளபடி எல்லாப் பல்லையும் வரைந்தால் ஓரம் பிசுக்குப் பிடித்த மாதிரி ஆகும். மொட்டின் மென்மயிருக்கு மயிர்க்கோடு வேண்டாம், நாலைந்து புள்ளி போதும்.

தமிழ் வரிக்கு இன்னும் கவனம் வேண்டும். உங்கள் ஊர்க் கொமியூனிகேஷன் கடையில் அடித்து வாங்கினால் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும்.  எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் அனுப்பினாலும் ஒரு பொறி இருக்கிறது. படம் வரையும் மென்பொருளில் தெற்காசிய எழுத்து அமைப்பு இயக்கப்படாமல் இருந்தால் "கொழுந்து" என்ற சொல்லில் "கொ"வின் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போகும், "ழு" உடைந்து சுழி தனியே விழும். சென்னைக்காரர் தமிழர், கண்டுபிடித்துவிடுவார் என்று நம்பி இருக்காதீர்கள். வேலை அவசரத்தில் யார் கண்ணும் தப்பும். எழுத்தை எழுத்தாக விடாமல் கோடாக மாற்றிய பிறகே கோப்பை அனுப்பச் சொல்லுங்கள், அப்போது எந்தக் கணினியில் திறந்தாலும் மாறாது. இதைவிட நல்ல வழி, அந்த வரியை உங்கள் வீட்டில் யாராவது தடித்த பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்து, ஓவியர் அதைச் செப்பனிடுவது. எழுத்துருவின் உரிமைத் தொல்லையும் அதில் இல்லை.

எழுத்தின் உயரம் 8 மி.மீ. க்குக் குறையக் கூடாது, 10 என்றால் நிம்மதி. தமிழ் எழுத்துக்குள் சுழியும் பொந்தும் அதிகம். "ண"வின் மூன்று வளைவையும் 5 மி.மீ. உயரத்தில் அடைத்தால் உள்வெளி ஒரு மி.மீ. கூட மிஞ்சாது. சில வருடத்தில் அது "ண"வா "ன"வா என்று கேட்பார்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் நடுவே ஒன்றரை மி.மீ. வெளி இருக்கட்டும். 14 செ.மீ. நீளத்தில் கோலமும் கொழுந்தும் போக எழுத்துக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் பார்த்து வரியைச் சுருக்குங்கள். இரண்டு சொல் போதும். முழுத் திருக்குறளையும் முன்னங்கையில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முதுகு வேண்டும்.

ஓவியரிடமிருந்து வர வேண்டிய கோப்புகள்: கோடு மட்டும் உள்ள ஒன்று, நிழலோடு ஒன்று. இரண்டும் தனித்தனியாக. கோட்டுக் கோப்பில் சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் தவிரச் சாம்பல் நிறம் இருக்கவே கூடாது. ஸ்டென்சில், அதாவது தோலில் ஒட்டிக் கோட்டைப் பதிக்கும் தாள், எடுக்கும் இயந்திரத்துக்குக் கறுப்பு, வெள்ளை இரண்டுதான் தெரியும். சாம்பலைக் கண்டால் திட்டுத்திட்டாக அடித்துவிடும். நிழல் எங்கே முடிகிறது என்பதைப் புள்ளிக்கோட்டால் காட்டினால் போதும். கோடுகளாகவே சேமித்த வெக்டர் பிடிஎஃப் என்றால் எந்த அளவுக்கும் பெருக்கலாம். பிஎன்ஜி என்றால் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) 14 செ.மீ. க்கு 1,650 பிக்சல் வேண்டும், அதன் இரட்டிப்பு இன்னும் நல்லது. வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக வந்தால் நசுங்கி, கோட்டோரம் பஞ்சு மாதிரி ஆகி, ஸ்டென்சிலில் பிசிறு விழும். வரைபடத்தின் ஒரு மூலையில் சரியாக 5 செ.மீ. நீளத்துக்கு ஓர் அளவுக்கோடும் போட்டுத் தரட்டும். இது எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

காசு விஷயத்தில் ஓவியர் முழுவதையும் முதலில் கேட்பது சரியா என்றால், என்ன வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏற்கெனவே வரைந்து விலைக்கு வைத்திருக்கும் ஃப்ளாஷ் டிசைன் என்றால் முழுக் காசு முன்னால் கொடுப்பதுதான் வழக்கம். கடையில் சட்டை வாங்குவது மாதிரி. அதையே அவர் பலருக்கும் விற்பார், விலையும் குறைவு. உங்களுடையது அளவெடுத்துத் தைப்பது. அதற்குப் பாதி அட்வான்ஸ், பென்சில் வரைவு பார்த்துத் திருத்தம் சொல்ல இரண்டு தடவை, அவர் தன் பெயரைக் குறுக்கே போட்ட முடிவு வரைவைப் பார்த்த பிறகு மீதி, அதன்பின் சுத்தமான கோப்பு என்று பேசுங்கள். நேர்மையான ஓவியர் மறுக்கமாட்டார். அதேவேளை, அட்வான்ஸ் திரும்பாது என்று அவர் சொன்னால் நீங்களும் கோபப்படக் கூடாது. வரைவுக்குப் போன நேரத்தின் கூலி அது. மூன்றாவது, நாலாவது திருத்தத்துக்குத் தனிக்காசு கேட்பதும் நியாயம்தான்.

அனுப்பும் வழியில் ஒரு சிக்கல் வரும். அவர் தன் ஜிபே நம்பரையோ கியூஆரையோ அனுப்புவார். இங்கிருக்கும் நம் வங்கிக் கணக்கிலிருந்து அதற்குப் போகாது. ஜிபே ஓடுவது யூபிஐ என்ற இந்தியக் கொடுப்பனவு முறையில். 2024 பெப்ரவரியில் இங்கே வந்த யூபிஐ ஏற்பாடு, இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் இங்கே கடைகளில் கட்டுவதற்கானது. கார்ட் ஏற்கும் இணையக் கடைப் பக்கம் அவரிடம் இருந்தால் அதுவே சுலபம். உங்கள் டெபிட் கார்ட் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள், வங்கி தன் பங்குக்குப் பிடிக்கும் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். பேபால் என்றால், நண்பர், உறவினருக்கு அனுப்பும் வழியை அவர் கேட்டாலும் தெரிவு செய்யாதீர்கள். கட்டணம் மிச்சம்தான், ஆனால் சாமான் வராவிட்டால் முறையிட இடமிருக்காது. சென்னையில் சொந்தக்காரர் இருந்து அவர் மூலம் கட்டினால், யாருக்காக, எதற்காகக் கட்டியது என்று ஓவியரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டுமுன் ஆளையும் சோதிக்க வேண்டும். அவர் பக்கத்திலிருக்கும் இரண்டு மூன்று டிசைன்களைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். அதே படம் வேறு பெயரில், பழைய தேதியில் வந்தால் விட்டுவிடுங்கள். செயற்கை நுண்ணறிவில் எடுத்து விற்பதும் இப்போது மலிந்துவிட்டது. சிக்குக் கோலத்தில் அதைப் பிடிப்பது சுலபம். பென்சிலை ஓரிடத்தில் வைத்துக் கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனால் எங்கும் தூக்காமல் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர வேண்டும். இயந்திரம் போட்ட கோலத்தில் கோடு நடுவில் செத்துப்போகும், அல்லது இரண்டு கோடு ஒன்றாகி மூன்றாகப் பிரியும், புள்ளி ஒன்று கூண்டுக்கு வெளியே அனாதையாக நிற்கும். மார்கழியில் வாசலில் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இந்தச் சோதனையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் வரைந்த விதத்தின் வீடியோவைக் கேளுங்கள். ஐபேடில் வரைபவர்கள் பலருக்கு அது தானாகவே பதிவாகியிருக்கும்.

இனி அனுமதி. அம்மாயி கையில் இருக்கும் மரபுக் கோலத்துக்கு யாரும் தனி உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அதைப் பார்த்து ஓவியர் புதிதாக அமைத்த வரைபடத்தின் பதிப்புரிமை, பதிவு எதுவும் செய்யாமலே, பொதுவாக அவருக்கு உண்டு. நீங்கள் காசு கொடுத்ததால் மட்டும் அது உங்களுக்கு மாறிவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் சரி, இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டமும் சரி, இப்படிப்பட்ட அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. இந்தியச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். ஹட்டனில் இருப்பவரின் கையில் ஆயுளுக்கும் இருக்கப்போகிற பச்சைக்கு இது எவ்வளவு பொருந்தாது பாருங்கள். கையைச் சுரண்டச் சொல்லி யாரும் வரப்போவதில்லை, ஆனாலும் இரண்டு சொல்லைச் சேர்த்து எழுதினால் தீர்கிற விஷயத்தை ஏன் தொங்கவிட வேண்டும்? இப்படிக் கேட்டு வாங்குங்கள்:

"இந்த வரைபடம் நானே வரைந்தது. இன்னார் இதைத் தன் உடம்பில் ஒரு தடவை பச்சை குத்திக்கொள்ளலாம். அதை அவர் விரும்பும் எவரும் அவருக்குக் குத்திவிடலாம். குத்துபவர் அளவையும் கோட்டுத் தடிப்பையும் மாற்றலாம். மங்கினால் அதே இடத்தில் மறுபடி குத்தலாம். இந்த அனுமதிக்குக் கால எல்லை இல்லை, எல்லா நாட்டிலும் செல்லும். தன் கையின் படத்தை அவர் எங்கும் போடலாம். இதே வரைபடத்தை வேறு எவருக்கும் விற்கமாட்டேன்." கீழே பெயர், தேதி, கையெழுத்து. தாளில் எழுதிப் படம் பிடித்து மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். கடைசி வாக்கியத்துக்குச் சிலர் கூடுதல் விலை கேட்பார்கள். அம்மாயியின் கோலம் என்பதால் நீங்கள் கொடுக்கலாம். ரெண்டு இலை மொட்டு மட்டும் என்றால் நான் கொடுக்கமாட்டேன்.

தங்கச்சிக்கு, "ஒரு ஆளுக்கு" என்று அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டதால், இன்னொரு அனுமதி வேண்டும். ஆரம்பத்திலேயே "இரண்டு பேருக்கு" என்று பேசினால் முழு விலையும் இரண்டாவது தடவை கேட்கமாட்டார். ஆனால் தங்கச்சியின் கையை அளந்து கோப்பை அவளுக்கென்று திருத்தித் தரச் சொல்லுங்கள், உங்கள் கைக்கு வரைந்ததைச் சுருக்கிப் போட்டால் மேலே சொன்ன இடைவெளிக் கணக்கெல்லாம் குழம்பிவிடும். அவள் அந்த ஓவியரின் பக்கத்தில் புத்தர் உருவம் உள்ள டிசைன் எதையாவது பார்த்து ஆசைப்பட்டால் தடுத்துவிடுங்கள். கையில் புத்தர் குத்தியிருந்த பிரித்தானியப் பயணி ஒருவரை 2014இல் இந்த நாட்டிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு 8 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது உண்மைதான், ஆனால் அதற்கு மூன்று வருடம் வழக்காட வேண்டியிருந்தது. சென்னை ஓவியருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தம்பியின் ஜெர்சிக்கு இந்த அனுமதி செல்லாது. உடம்பில் குத்துவது ஒன்று, பிரதியெடுத்து அடிப்பது வேறொன்று. மைக் டைசனின் முகத்தில் 2003இல் குத்திய கலைஞர், அதே வடிவம் ஒரு ஹொலிவூட் படத்தில் இன்னொரு நடிகரின் முகத்தில் வந்தபோது 2011இல் வழக்குப் போட்டார். பின்னர் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். டைசன் அந்த முகத்தோடு நடமாடுவதை யாரும் கேள்வி கேட்கவில்லை. பதினைந்து ஜெர்சிக்கு என்று எண்ணிக்கை சொல்லிக் கேட்டால் ஓவியர் சின்னத் தொகைக்கு, சில வேளை சும்மாவே, சம்மதிப்பார். கேட்காமல் அடித்துவிட்டு இன்ஸ்டகிராமில் போட்டால்தான் வில்லங்கம்.

எல்லாம் கைக்கு வந்த பிறகு, கண்டிக்குப் போகுமுன் ஒரு கொப்பிக் கடையில் வரைபடத்தை அச்செடுங்கள். அச்சு இயந்திரம் தாளுக்குப் பொருத்தமாகச் சுருக்கிவிடும் வழக்கமுள்ளது, 100 வீதத்தில் அடிக்கச் சொல்லுங்கள். மூலையில் இருக்கும் அளவுக்கோட்டில் அடிமட்டத்தை வையுங்கள். 5 செ.மீ. இருந்தால் சரி, 4.7 இருந்தால் மறுபடி அடிக்க வேண்டும். 90, 100, 110 வீதத்தில் மூன்று தாள் கொண்டுபோனால் கையில் வைத்துப் பார்த்துத் தெரிவு செய்யலாம். ஸ்டென்சிலைத் தோலில் ஒட்டி எடுத்த பின் பத்து, பதினைந்து நிமிடம் காயவிடச் சொல்லுங்கள், ஈரத்தில் ஊசி வைத்தால் கை பட்டுக் கோடு அழியும். அந்த நேரத்தில் எழுந்து நின்று கையைத் தொங்கவிட்டுக் கண்ணாடியில் சாய்வைப் பாருங்கள். பிறகு கண்ணாடியை விட்டு, நேராகக் கையைப் பார்த்து, வரியை எழுத்து எழுத்தாக வாய்விட்டு வாசியுங்கள், கூட வந்தவரையும் வாசிக்கச் சொல்லுங்கள். ஸ்டென்சில் திரும்பி ஒட்டியிருந்தாலோ ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலோ அப்போது தெரிந்துவிடும். அந்த நிலையில் அதை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒட்டலாம்.